ராணிக் கூத்து வருஷம்

பெரியகல் தோட்டத்துல கூத்துன்னா ரெண்டே கூத்துதான். ஒண்ணு மரகதராணி கூத்து, இன்னொண்ணு ஞானவடிவு கூத்து. நமுனுகுல மலையச் சுத்தி இருக்கிற மத்த தோட்டக்காரங்க வருஷத்துக்கொரு புதுக் கூத்து கட்டி, சினிமா மெட்டு போட்டு ஆடுனாலும், பெரியகல்லு சனம் இந்த ரெண்டு பொம்பளைங்கள விட்டு ஒரு அடி நகரல. அந்தோனியார் திருநாளைக்கு ரெண்டுல ஒருத்தி மேடையேறணும். ஏறப்போறது யாருன்னு முடிவாகுறதுக்குள்ள பீலியில தண்ணி புடிக்கிற எடத்துல ரெண்டு குடமாச்சும் ஒடையும்.

ஏன் ஒடையும்னு கேக்குறீங்களா? சிரிக்காமக் கேட்டா சொல்றேன். எந்தப் பொம்பளய மேடையில அழவெக்கிறாங்களோ, அவ அந்த வருஷம் முடியுறதுக்குள்ள எறங்கி வந்து, தோட்டத்துச் சனம் குடியிருக்கிற லயத்துல ஏதோ ஒரு வீட்டுக் கதவத் தட்டிட்டுத்தான் போவாளாம். ராணி வந்தா ஒருத்தி தாலிய அறுத்துக்குவா. ஞானவடிவு வந்தா ஒருத்தி புள்ளயப் பறிகுடுப்பா. பதுளையிலருந்து பூசைக்கு வாற சாமியாரு, "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைய நம்பிக்கிட்டு நீங்கல்லாம் ஞானஸ்நானம் வாங்குனீங்களா?"ன்னு பிரசங்கத்துல ஏசாத ஏச்சு இல்ல. சனமும் "ஆமாங்க சாமி"ன்னு தலையாட்டும். அவரு ஜீப்பு வளைவு தாண்டுனதும் பழைய பேச்சுதான். ஏன்னா போன ராணி வருஷம் காலையில பெரட்டுக்குப் பேரு குடுக்கப் போன மனுசன் மத்தியானம் மின்னல் விழுந்து கம்பளியில சுத்தி வந்தான். அதுக்கு முந்துன வடிவு வருஷம் சின்னராசாவோட மகன் ஆத்துல போனான். பனம்பழம் இத்தன தடவ சரியா விழுந்தா, காக்காயச் சந்தேகப்படாம என்ன செய்றது?

ரெண்டு கதையும் தெரியாதவங்களுக்காகச் சுருக்கமாச் சொல்லிர்றேன். மரகதராணியோட புருஷன் ராசா, எதிரி நாட்டுல சிறையில கெடக்கான். தலைய வெட்டச் சொல்லித் தீர்ப்பு. ராணி செருப்புகூட இல்லாம அரமனைக்கு அரமனை ஓடி, கால்ல விழுந்து, மன்னிப்பு ஓலைய வாங்கிட்டு வாறா. வந்து சேருறப்ப வாள் எறங்கிருச்சு. அவன் மேல விழுந்து அவளும் உசுர விட்டுர்றா. ஞானவடிவு கதை வேற. அவளும் புருஷனும் இருக்கிற கோட்டையச் சுத்தி எதிரி. பெத்த மகளாச்சும் பொழைக்கட்டும்னு ஒரு யாவாரிகூட அனுப்பிவெக்கிறா. மக வளந்து ஆளாகி ஆத்தாளத் தேடி வந்து கதவத் தட்டுறா. வந்திருக்கிறது எதிரி அனுப்புன வேவுக்காரின்னு பயந்துபோயி, வடிவு தன் கையாலயே தாப்பாள் போடுறா. விடிஞ்சு கதவத் தொறந்தா படியில மக வெறச்சுக் கெடக்கா.

இதுல எவ துக்கம் பெருசு? அதுதான் வழக்கு. கூத்து வழக்குன்னே அதுக்குப் பேரு. திருநாளுக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கிழம, செபம் முடிஞ்சு கோயில் முத்தத்துல சனம் உக்காரும். கூத்து பழக்குற அண்ணாவியாரு பாக்கியநாதன் நடுவுல ஒரு பொட்டியில உக்காருவாரு. பேசுறது பொம்பளைங்க மட்டும்தான். "அழப்போறது நீங்க, நீங்களே பேசித் தீத்துக்குங்க"ன்னுருவாரு மனுசன். எவ துக்கம் பெருசுன்னு செயிக்குதோ அவளுக்குத்தான் மேடை. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அவங்கவங்க வீட்டுக் கதைய எடுக்கக்கூடாது. எங்க வீட்டுல புருஷன் இருக்கான், எங்க வீட்டுல புள்ள இருக்குன்னு ஒருத்தி வாயத் தொறந்தா வழக்கு கலைஞ்சிரும். ராணியப் பத்திப் பேசு, இல்ல வடிவப் பத்திப் பேசு, அவ்வளவுதான்.

ஆனா யாருக்குத் தெரியாது? தாலியறுத்தவ எல்லாம் ராணிக்கு ஒப்பாரி வெப்பா. புள்ளயில்லாதவ எல்லாம் வடிவுக்கு மூக்கச் சிந்துவா. இழக்குறதுக்கு ஒண்ணுமில்லாதவளுக்குத்தானே பயமில்லாமப் பேச வரும். ரெண்டும் உள்ளவ பாடுதான் திண்டாட்டம்.

மரியகொரட்டிக்கு ரெண்டும் இருந்துச்சு. புருஷன் பிலிப்பு. மக றீட்டா, பதினேழு வயசு. றீட்டாவுக்கு முன்னுக்கு ரெண்டு புள்ளைங்க பொறந்து, ரெண்டும் தொட்டில விட்டு எறங்காமலே மண்ணுக்குப் போயிருச்சுங்க. அந்த ரெண்டு குழியும் கோயிலுக்குப் பின்னால இருக்கு. கொரட்டி ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு அந்தப் பக்கம் போவா, புல்லப் புடுங்கிப் போடுவா, வந்துருவா. எவ துக்கம் பெருசுன்னு அவகிட்ட ஒருத்தரும் பாடம் சொல்லத் தேவையில்ல. அவளுக்குத் தெரியும்.

பிலிப்பப் பத்தியும் சொல்லணும். ரெண்டு கூத்துலயும் பொம்பள வேஷம் அவருக்குத்தான். மரத்துல ஏறிக் கிளை வெட்டுற ஆளு, ஒசரம், மீச வேற. திருநாளுக்கு மீசய எடுத்துட்டு, விரதமிருந்து, சேலையக் கட்டி மேடையில வந்து நின்னாருன்னா, கங்காணி பொஞ்சாதியே "இந்த இடுப்பு எனக்கில்லையே"ன்னு பெருமூச்சு விடும். அப்பேர்ப்பட்ட ஸ்திரீபார்ட்டு.

கடையில பாணு வாங்க வரிசையில நின்னு காலு மரத்துப்போன எழுபத்து நாலாம் வருஷம் அது. இந்தியாவுக்குப் போறவங்க போக, லயத்துல பாதிக் காம்பரா பூட்டிக் கெடந்துச்சு. சனம் கொறஞ்சுபோனதால பயம் கூடிப்போச்சு. முந்தியெல்லாம் நூறு வீட்டுல ஒரு வீடு. இப்ப அம்பது வீட்டுல ஒரு வீடு. அவ வந்தா எந்தக் கதவத் தட்டுவா?

வழக்குல வடிவு பக்கம் எந்திரிச்சவ திரேசம்மா. கொரட்டிக்கு அடுத்த காம்பராக்காரி, தேயிலக் கொழுந்தெடுக்கவும் அடுத்த நெரைக்காரி. புள்ள இல்லாதவ. வாயி மட்டும் ரெண்டு ஆளுக்குக் காணும். ராணி பக்கம் பேச வழக்கமா எந்திரிக்கிற கைம்பொண்டாட்டிக் கெழவி ராமேஸ்வரம் கப்பல் ஏறிப்போயிருச்சு. அந்த எடத்துல எந்திரிச்சவளப் பாத்து முத்தமே வாயப் பொளந்துச்சு. கொரட்டி!

"ராணி என்ன பாவம் செஞ்சா?"ன்னு ஆரம்பிச்சா கொரட்டி. "ஓடுனா. விழுந்தா. எந்திரிச்சு ஓடுனா. ஒரு பொம்பள செய்ய வேண்டியது எல்லாத்தையும் செஞ்சா. செஞ்சும் கெடைக்கல. வடிவு அப்படியா? தாப்பாளப் போட்ட கை அவ கை. தப்பு பண்ணுனவளுக்கு அழுறதுக்கு ஒரு காரணமிருக்கு, நெஞ்சுல அடிச்சுக்க ஒரு நாயமிருக்கு. ஒரு தப்பும் பண்ணாம வந்த துக்கத்த யாருமேல போட்டு அழுறது?"

"அடியே, தப்பு பண்ணுனவளுக்குத்தான்டி பெருசு!" திரேசம்மா விடல. "ராணி அவன்மேல விழுந்தா, செத்தா, போயிட்டா. ஒரு நாழி வேதன. வடிவு சாகலயே! மறுநாளும் எந்திரிக்கணும், அதே கதவத் தொறக்கணும், அதே படியக் கூட்டணும். அவளுக்குச் சாவு கெடைச்சாத்தானே விடியும்?"

  திரேசம்மா சொல்றது அத்தனையும் உண்மன்னு அங்க இருந்தவங்கள்ல கொரட்டிக்குத்தான் நல்லாத் தெரியும். வேற நாளா இருந்தா எந்திரிச்சுப்போயி அவளக் கட்டிப்புடிச்சு அழுதிருப்பா. ஆனா மக அந்தா, கோயில் படியில உக்காந்து, பல்லுல நூலக் கடிச்சுக்கிட்டு யாரோ குழந்தைக்குச் சட்டை தச்சுக்கிட்டு இருக்கா. கொரட்டி திரும்பவும் வாயெடுத்தா.

"வடிவு அழுறப்ப பக்கத்துல புருஷன் இருந்தான். சாஞ்சுக்க ஒரு தோளு இருந்துச்சு. ராணிக்கு யாரு இருந்தா? தோளே போயிருச்சு. சாஞ்சு அழுற தோளுக்காக அழுறவ யாருமேல சாய்வா? சொல்லு திரேசு, யாருமேல?"

பொம்பளைங்க முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடச்சாங்க. ஆம்பளைங்க தரையப் பாத்தாங்க. பிலிப்பு மூக்க உறிஞ்சிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. பாக்கியநாதன் பொட்டிய ஒரு தட்டு தட்டி, "ராணிதான்"னாரு. வழக்கு முடிஞ்சது.

வீட்டுக்கு ஏறிவாற பாதையில பிலிப்புக்குச் சந்தோசம் தாங்கல. "ஏ புள்ள, என்னா பேச்சு பேசுன! தோளு தோளுன்னு சொல்லி என்னையே அழவெச்சுட்டியே! இருவது வருஷமா வேஷம் கட்டுறேன், ராணிய இப்படி நான் நெனச்சுப் பாத்ததில்ல." அப்படியே கொஞ்ச தூரம் வந்தவரு, வளைவுல நின்னுட்டாரு. சிரிப்பு மெதுவாக் கொறஞ்சுச்சு. முன்னால துள்ளிக்கிட்டுப் போற றீட்டாவப் பாத்தாரு. திரும்பிக் கொரட்டியப் பாத்தாரு.

"அப்ப நீ என்னையத்தான் குடுக்குறேன்னுருக்க," ன்னாரு.

கோவமா சொல்லல. அதுதான் கொரட்டியக் கொன்னுச்சு. "இல்லங்க, கூத்துதானே, வாய்க்கு வந்தத…"ன்னு என்னமோ ஒளறுனா. அவரு அவ தோள்ல கைய வெச்சு, "சரிதான் புள்ள. நானா இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன்"னுட்டு நடந்தாரு. அதுக்கப்பறம் அவரு அதப் பேசவே இல்ல. ஏசியிருந்தா, நாலு அடி அடிச்சிருந்தா தேவலன்னு இருந்துச்சு கொரட்டிக்கு.

திருநாள் வந்துச்சு. அந்த வருஷம் பிலிப்பு ஆடுன ராணிய இன்னைக்கும் கதைப்பாங்க. ஓலைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அவரு ஓடிவந்து, வெட்டுண்டவன் மேல விழுந்தப்ப, ஹாலிஎலயிலருந்து கூத்துப் பாக்க வந்த சிங்களச் சனம்கூட, வார்த்த புரியாமலே அழுதுச்சு. கொரட்டி மட்டும் பாக்கல. கோயிலுக்குள்ள போயி அந்தோனியாரு காலடியில தலைய முட்டிக்கிட்டு, "அவளையும் எடுக்காதீங்க, அவரையும் எடுக்காதீங்க, பேசுன வாயி என் வாயி, என்னைய எடுங்க"ன்னு கெடந்தா.

அடுத்த நாள்ல இருந்து காவல் தொடங்குச்சு. காவல்னா சும்மா காவலில்ல. கங்காணி கையக் காலப் புடிச்சுப் பிலிப்ப மரம் வெட்டுல இருந்து மாத்தி, தண்ணி ஓடுற கான் வெட்டுல போடவெச்சா. கான் ஓரத்துல கல்லு உருளும்னு பயந்து, அங்கிருந்து மாத்தி தேயில நாத்து மேடைக்குக் காவலுக்கு விட்டா. பஸ் ஏறவிடல. புல்லுக்குப் போகவிடல. கள்ளுத் தவறணப் பக்கம் போனாருன்னா பின்னாலயே போயி வாசல்ல நின்னா. "என்ன பிலிப்பண்ணே, ராணிய அந்தப்புரத்தவிட்டு வெளிய விடமாட்டேங்குதாமே?"ன்னு பசங்க கேலி பண்ணுனாங்க. பிலிப்பு சிரிச்சுக்குவாரு. பொஞ்சாதி மனசு அவருக்குத் தெரியும். குத்தம் செஞ்சவ காவலிருக்கா, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டாரு.

அதே கொரட்டி, மக விஷயத்துல வேற ஆளா ஆயிட்டா. அதுவரைக்கும் றீட்டா தும்முனாக் கொத்தமல்லி அவிப்பா, இருமுனா பதுளை ஆசுபத்திரிக்கு ஓடுவா. இப்ப புள்ள வழுக்குப் பாறைக்கு அந்தப்பக்கம் போயி வெறகு பொறுக்கிட்டு வாறா, ஆத்துல தண்ணி ஏறியிருக்கிறப்ப குறுக்க நடந்து வாறா. கொரட்டி ஒரு வார்த்த கேக்கல. "புள்ளயக் கொஞ்சம் பாருடி. கண்ணு மண்ணு தெரியாமத் திரியுறா"ன்னு திரேசம்மா சொன்னா.

"அவளுக்கு ஒண்ணும் வராது திரேசு. இது ராணி வருஷம்."

சொல்றப்ப மொகத்துல அப்படியொரு நிம்மதி. பதினேழு வருஷமா நெஞ்சுல ஒக்காந்திருந்த பாறாங்கல்ல எறக்கி வெச்சவ மாதிரி இருந்தா. திரேசம்மாவுக்கே என்னமோ போல ஆயிருச்சு. கூடையத் தலையில மாட்டிக்கிட்டுப் போயிட்டா.

ஐப்பசி முடியுறப்ப மழை புடிச்சுச்சு. ஊவாப் பக்கத்து மழை தெரியுந்தானே, வந்தா விருந்தாளி மாதிரி நாலு நாள்ல போகாது. கார்த்திகை பொறந்தும் விடல. மலையே தெரியாம மூடிக் கெடந்துச்சு. பீலியில வந்த தண்ணி மொதல்ல கலங்குச்சு, அப்பறம் தேத்தண்ணி நெறத்துல வந்துச்சு. ஒருநா காலையில கொரட்டி வீட்டுக் கதவு மூடல. நெலையோட ஒட்டவே மாட்டேன்னுச்சு. பிலிப்பு தோளக் குடுத்துத் தள்ளிப் பாத்துட்டு, பின்னுக்குப் போயி மலையப் பாத்தாரு. லயத்துக்கு மேல இருந்த தேயிலக்குள்ள ஒரு வெடிப்பு. கைய விட்டா முழங்கை வரைக்கும் போச்சு.

கணக்கப்பிள்ளை வந்தாரு. குடையால வெடிப்பக் குத்திப் பாத்தாரு. "இது பழைய கான் ஒடைஞ்சது. தொரைகிட்ட சொல்றேன், மழை விட்டதும் பாப்பம். அதுக்குன்னு வேலைக்கி வராம இருந்தா பேரு விழாது, சம்பளமும் இல்ல, சொல்லிட்டேன்"னுட்டுப் போயிட்டாரு. அவருக்கென்ன, அவரு பங்களா அந்த மேட்டுல.

கொரட்டிக்குப் புரிஞ்சுபோச்சு. இதுதான்! அவ வந்துட்டா. மரத்துல இல்ல, கானுல இல்ல, பஸ்ஸுல இல்ல. ராணி மலைமேல வந்து நிக்கிறா. வெடிப்புக்கு நேர் கீழ அவங்க காம்பரா. பிலிப்பு படுக்குறது பின் செவத்தோரம். அன்னைக்குப் பூரா அவளுக்குச் சோறு எறங்கல.

ஞாயித்துக்கிழம பதுளைக்கு எறங்குனா. பசாரு வீதியில மொஹிதீன் முதலாளியோட சாமான் கடை. கொரட்டி கல்யாணங்கட்டி வந்த நாள்ல இருந்து அங்கதான் கணக்கு. கடைக்குப் பின்னால வீடு. முதலாளியோட பொஞ்சாதி ஸித்தி ஸுபைதா நல்ல மனுசி, கொரட்டிக்கு ஒரு கோப்ப தேத்தண்ணியும் ஒரு துண்டுப் பாணும் குடுக்காம அனுப்பாது. அன்னைக்கு அந்தம்மாவே பேச்ச எடுத்துச்சு.

"என்ன கொரட்டி, ஒங்கட லயத்துக்கு மேல மண் வெடிச்சீக்காமே? கேட்டதும் எனக்கு நெஞ்சு பதறிட்டு. இங்க பாருங்க, எங்கட மூத்தவள் காமிலாவுக்கு மாசம் நெருங்கிட்டு. வீட்டோட நின்டு ஒதவ ஒரு கொமருப் புள்ள வேணும். றீட்டாவக் கொண்டுவந்து விடுங்க. மழை விட்டு, மண்ணும் காஞ்சாப் பொறகு கூட்டிப்போங்க."

வேற ஒருத்தியா இருந்தா அந்த எடத்துலயே அந்தம்மா கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்தியிருப்பா. கொரட்டி தேத்தண்ணிக் கோப்பயக் கீழ வெச்சா.

"முதலாளியம்மா, றீட்டா வேணாம். அவரக் கூட்டிட்டு வாறேன். அவருக்கு ஒரு எடம் குடுங்க."

"பிலிப்பையா? ஆம்பிளைய வெச்சி நான் புள்ளப்பேறு பாக்கவா?" அந்தம்மா சிரிச்சுருச்சு. கொரட்டி சிரிக்கல. தரையில உக்காந்து அந்தம்மா காலப் புடிச்சுக்கிட்டா. கடையிலருந்து முதலாளியே எந்திரிச்சு வந்துட்டாரு.

"பண்டசாலையில சாக்குத் தூக்க ஆள் தேவதான்," ன்னாரு மொஹிதீன் முதலாளி. "ஆனா கொரட்டி, வெள்ளத்துல வீடு போன சொந்தக்காரங்க எல்லாரும் இங்கதான் ஈக்கிறாங்க. காலு வெக்க எடமில்ல. ஒராள்தான். ஒண்ணு பிலிப்பு, இல்லாட்டி புள்ள. யோசிச்சிச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டேங்க முதலாளி. அவருதான்."

ஸித்தி ஸுபைதா அவளயே பாத்துக்கிட்டு நின்னுச்சு. "கொமருப் புள்ளய வெடிச்ச மலைக்குக் கீழ விட்டுட்டு ஆம்பிளைக்கு எடம் கேக்குற பொம்பளய நான் இன்டைக்குத்தான் பாக்குறன்," ன்னு சொல்லிட்டு உள்ளுக்குப் போயிருச்சு.

வீட்டுல அன்னைக்குச் சாயங்காலம் பெரிய சண்ட. கேட்டதும் பிலிப்புக்கு வந்துச்சு பாருங்க கோவம், அப்படியொரு கோவத்த லயம் அதுக்கு முந்திக் கண்டதில்ல. "கிறுக்குப் புடிச்சிருச்சாடி ஒனக்கு? ஒரே ஒரு எடம் கெடைச்சா பெத்த மகள அனுப்புவியா, மொட்டக் கெழவன அனுப்புவியா? கூத்து கூத்துதான்டி! நான் கட்டுன சேலை, நான் அழுத அழுகை! அதுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்ப எதுக்கு விரதமிருந்து கட்டுறீங்க?" கொரட்டி கேட்டா. "எதுக்குச் சேலைய அவுத்ததும் மஞ்சத் தண்ணி ஊத்தி வீட்டுக்குள்ள வாறீங்க? நீங்களும் நம்புறீங்க. வழக்கன்னைக்கு வளைவுல நின்னு என்னையப் பாத்தீங்களே, அந்தப் பார்வ என்ன பார்வ? நம்பாதவனா அப்படிப் பாப்பான்?"

 கொரட்டி அவரு கால்ல விழுந்தா. "நான் பேசுன பேச்சுங்க. என் வாயால கூப்புட்டேன். நீங்க இங்க இருந்து ஒண்ணு ஆச்சுன்னா, நான் கொன்னேன்னு ஆகும். மழை விடுற வரைக்கும்தான். அவளுக்கு ஒண்ணும் வராது. அவளுக்கு வரக்கூடாதுன்னுதானே பேசுனேன்! பேசி வாங்குன வருஷம்ங்க இது!"

அடுப்படியில உக்காந்து ரொட்டி தட்டிக்கிட்டிருந்த றீட்டாதான் கடைசியில தீத்துவெச்சா. "போயிட்டு வாங்கப்பா. அம்மா கொஞ்சம் தூங்கட்டும். ஆறு மாசமா ராத்திரியில எந்திரிச்சு ஒங்க மூக்குல கைய வெச்சு மூச்சு வருதான்னு பாக்குது, ஒங்களுக்குத் தெரியுமா?" சொல்லிட்டுச் சிரிச்சா. ரொட்டி மாவு மூக்குல அப்பியிருந்துச்சு.

பிலிப்பு விடியக்காலையில பஸ் ஏறுனாரு. ஏறுறதுக்கு முன்னுக்கு மகளக் கூப்புட்டு, "மழை கூடுனா கோயிலுக்குப் போயிருங்க, இங்க இருக்காதீங்க"ன்னாரு. றீட்டா தலையாட்டுனா. கொரட்டி காதுல அது விழவே இல்ல. பஸ்ஸு வளைவு தாண்டுற வரைக்கும் கையெடுத்துக் கும்பிட்டபடியே நின்னா. அதுக்கப்பறம் வீட்டுக்கு வந்து, ரொம்ப நாளைக்கப்பறம் வயிறாறச் சாப்புட்டா.

பிலிப்பு போயி மூணாம் நாள் வியாழக்கிழம. காலையில மழை கொஞ்சம் விட்டாப்பல இருந்துச்சு, கொழுந்தெடுக்க எதிர் மலைக்கு விட்டாங்க. இடுப்புல படங்குச் சாக்கக் கட்டிக்கிட்டுப் பொம்பளைங்க எல்லாரும் நெரையில நின்னாங்க. றீட்டாவும் வந்திருந்தா. பத்து மணிபோல திரும்பவும் புடிச்சுக்கிட்டுச்சு. முன்னுக்கு நிக்கிறவ முதுகு தெரியாத அளவுக்கு ஊத்துச்சு. றீட்டாவுக்கு ஒதறல் எடுத்துருச்சு, ஒதடு நீலம் பாஞ்சுருச்சு.

"நீ வீட்டுக்குப் போடி," ன்னா கொரட்டி. "அடுப்ப மூட்டிக் குளிர் காஞ்சுட்டு, சோத்த ஆக்கி வையி. நான் கொழுந்த நிறுத்துட்டு வாறேன்."

"கோயிலுக்குப் போகச் சொன்னாரும்மா அப்பா, மழை கூடுனா."

"கோயில்ல அடுப்பு இருக்கா? ஈரத் துணியோட சிமிந்தித் தரையில உக்காந்து காய்ச்சல் வரவெச்சுக்கப் போறியா? போ, வீட்டுக்குப் போ."

கங்காணிகிட்ட கொரட்டியே சொல்லி விட்டுட்டு வந்தா. றீட்டா கூடையத் தலையில கவுத்துக்கிட்டுக் குறுக்குப் பாதையில ஓடி எறங்குறதப் பாத்துட்டு, திரும்பிக் கொழுந்துல கைய வெச்சா.

மத்தியானச் சங்கு ஊதுறதுக்கு முன்னுக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு. யாரோ பெரிய லொறியில கல்லு கொண்டாந்து கொட்டுற மாதிரி. எல்லாரும் நிமிந்தாங்க. எதிர்ப்பக்கம் மூடுபனி கொஞ்சம் வெலகியிருந்துச்சு. லயத்துக்கு மேல இருந்த தேயில, நெர கலையாம, செடி சாயாம, அப்படியே நின்னபடி கீழ வந்துச்சு. வந்துச்சு, வந்துச்சு, லயத்தோட கடைசி மூணு காம்பரா மேல ஏறுச்சு. அதுக்கப்பறம் அங்க காம்பரா இல்ல. செவப்பு மண்ணுதான்.

நெரையில இருந்த பொம்பளைங்க "அய்யோ, மாதாவே!"ன்னு கூடையப் போட்டுட்டுக் கத்துனாங்க. காம்பராவுல யாரு இருக்கா, புள்ளைங்க ஆயா பாக்குற புள்ளைக்காம்பராவுலதானே இருக்குன்னு ஆளுக்கொரு பக்கம் அலறிக்கிட்டு எறங்குனாங்க. கடைசி மூணுல நடுக் காம்பரா கொரட்டியோடது.

கொரட்டி கத்தல. முழங்கால்ல விழுந்தா, சேத்துல. ரெண்டு கையையும் வானத்துக்கு ஏந்துனா.

"அந்தோனியாரே! காப்பாத்திட்டீங்களே சாமி! என் தாலியக் காப்பாத்திட்டீங்களே!"

மழத்தண்ணியும் கண்ணீருமா வழிஞ்ச மொகத்துல சிரிப்பு. கலியாணத்தன்னைக்குக்கூட அவ அப்படிச் சிரிச்சதில்ல. ஓடிக்கிட்டிருந்தவங்க நின்னு திரும்பிப் பாத்தாங்க. "பாத்தீங்களாடி?"ன்னு அவங்களப் பாத்துச் சத்தம் போட்டா. "அவரு படுக்குற எடம்டி அது! அவரு பதுளையிலல்ல இருக்காரு! வந்தவ வெறுங்கையோட போறா! முடிஞ்சுருச்சு, இந்த வருஷம் முடிஞ்சுருச்சு!"

 திரேசம்மாதான் மேல ஏறிவந்தா. வந்து கொரட்டிக்கு முன்னால சேத்துல உக்காந்தா. அவ ரெண்டு தோளையும் இறுக்கிப் புடிச்சா. 

"கொரட்டி. றீட்டா எங்கடி?"

"அவளுக்கென்ன," ன்னா கொரட்டி, அந்தச் சிரிப்பு மாறாமலே. "வீட்டுல இருக்கா. சோறாக்கச் சொல்லி நாந்தான் அனுப்புனேன்."